தொரையின் சோற்றுத் தட்டு

மரக்காணத்தில் போய் ராஜவேல் வீடு எது என்று கேட்டால் எந்த ராஜவேல் என்பார்கள். நாய் வண்டி ராஜவேல் என்று சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட ஈரக் கையை நீட்டி வழி காட்டுவார். வண்டி என்னவோ உப்பு ஏற்றுகிற குட்டியானை வேன்தான். உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், செஞ்சி, பாண்டி என்று போய் இறக்கிவிட்டு வருவது பிழைப்பு. நடுவில் இந்த நாய்ச் சவாரி வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு கொஞ்சம் நல்ல பெயரும் வந்தது. பெயர் வந்தால் மனுஷனுக்குக் கொழுப்பும் வரும் இல்லையா? அவருக்கும் வந்தது.

வாலிபத்தில் பத்து வருஷம் அளத்தில் உப்புக்கூடை சுமந்தவர் அவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் புண் ஆறாமல் போகவே, ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் யாருடைய வண்டியோ, அப்புறம் சொந்த வண்டி. ஐம்பத்து நாலு வயதில் ஊருக்கு மேற்கே ஒரு கான்கிரீட் மெத்தை வீடும் கட்டி, தரைக்கு வழவழவென்று டைல்ஸ் போட்டுவிட்டார். மனைவி சரஸ்வதி. ஒரே பெண் சரண்யாவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. குடி கிடையாது, வம்பு கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

நாய்ச் சவாரி வந்தது கீதாஞ்சலியால். பெரிய முதலியார்சாவடியில் தையல் கடை வைத்திருக்கிற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நாய்க் காப்பகம் நடத்துகிறாள் என்று ஊரில் சொல்வார்கள், அதெல்லாம் இல்லை. அவளிடம் இருப்பது ஒரு போனும் ஒன்பது வீடுகளும்தான். வயசாகிப்போன நாயை யாராவது ரோட்டில் விட்டுவிட்டுப் போனால், அதைப் பிடித்து வந்து டாக்டரிடம் காட்டி, அந்த ஒன்பது வீட்டில் ஒன்றில் தங்க வைப்பாள். நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒருவர் கேட்டு வருகிற வரை அந்த வீடு பார்த்துக்கொள்ளும். ஃபாஸ்டர் வீடு என்று அதற்குப் பெயர். குட்டி என்றால் நான் நீ என்று போட்டி போடுவார்கள். பல் போய், கண்ணில் பூ விழுந்ததை யார் கேட்பார்கள்? ஆனாலும் எங்கிருந்தோ ஒருவர் வந்துவிடுவார். அதுவரை காத்திருக்கக் கீதாஞ்சலிக்குப் பொறுமை உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரோவில் பக்கம் ஒரு கிழட்டு நாயை வைத்துக்கொண்டு ரோட்டோரம் அவள் நின்றாள். ஆட்டோக்காரர் ஒருவரும் ஏற்றவில்லை. காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த ராஜவேல் நிறுத்தினார். வெறும் சாக்கை நாலாக மடித்துப் பின்னால் விரித்து, நாயைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் படுக்க வைத்தார். அன்றையிலிருந்து எங்கே நாய் கிடந்தாலும் அவருக்குத்தான் போன். டீசலுக்கு மேல் ஒரு பைசா வாங்கமாட்டார். ஆனால் வழி முழுக்க வைவார்.

"பத்து வருசம் வாசல்ல காவல் காக்க வச்சிட்டு, கால் போனதும் ரோட்டுல வுட்டுட்டுப் போயிடுறானுங்க பாரும்மா. இவனுங்கல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் துன்றானுங்களா?"

உப்பு வண்டிக்காரர் வாயிலிருந்து இது வந்தால் கீதாஞ்சலிக்குச் சிரிப்புத் தாங்காது. அதை அப்படியே ஃபாஸ்டர் வீட்டுக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் போடுவாள். போன பொங்கலுக்கு எல்லா வீட்டுக்காரர்களும் அவள் கடையில் கூடியபோது அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை வண்டியின் முன்பக்கம், சாமி படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். எடுக்கவே இல்லை.

இவ்வளவு சொன்னது எதற்கென்றால், அந்தச் சால்வைக்காரர் வீட்டிலேயே ஒரு கிழட்டு நாய் இருந்தது. பெயர் தொரை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், அவர்கள் கடற்கரைக் குப்பத்தை ஒட்டி வாடகைக்கு இருந்தபோது வந்த நாய். அங்கே வீட்டுக்கு வீடு கருவாடு காயும். கருவாட்டில் வாய் வைத்த நாய்க்கு அடுத்த நாள் மருந்து வைத்த சோறு கிடைக்கும், கேட்பார் கிடையாது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று அப்படி நுரை தள்ளிச் செத்ததைப் பார்த்துவிட்டு, ராஜவேல் தொரையைக் குட்டியிலேயே பழக்கினார். தட்டில் சோறு போட்டாலும் அவர் சொல்லாமல் தொடக்கூடாது. தொரை உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கும். எச்சில் ஒழுகி மண்ணில் சொட்டும். "உன்னுதுதான்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குனியும். அவர் வண்டிக்குப் போன நாட்களில் சரஸ்வதி சொல்வாள். வேறு யார் சொன்னாலும் கேட்காது, மற்றவர் வீட்டுச் சோறு என்றால் வாயும் வைக்காது. அந்த ஒரு பழக்கத்தால்தான் குப்பத்தில் இருந்த நாய்களிலேயே தொரை மட்டும் கிழமாகிற வரை உயிரோடு இருந்தது. ராஜவேலுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தட்டை வைத்துக் காட்டுவார்.

புது வீட்டுக்கு வந்தபோது தொரைக்குப் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. காதும் மந்தம். டைல்ஸில் கால் ஊன்ற முடியாமல் வழுக்கும். மூத்திரத்தை அடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே விட்டுவிடும். சரண்யா தலைப்பிரசவத்துக்கு வர நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கொழந்த வர்றதுக்குள்ள இவனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள் சரஸ்வதி. அவள் சொன்னது பின்பக்கம் நாலு கீற்றை வைத்து ஒரு மறைப்புக் கட்டச் சொல்லி. அது ராஜவேலுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் துடைப்பம் எடுக்கிற வேலை அவருக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

கீதாஞ்சலிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். இரண்டு தடவை போனைக் கையில் எடுக்கத்தான் செய்தார். என்னவென்று சொல்வது? ஊரில் இருக்கிறவனையெல்லாம் கிழி கிழியென்று கிழித்த வாய், என் வீட்டு நாய்க்கு ஒரு இடம் பாரும்மா என்று எப்படிச் சொல்லும்? சால்வை எதிரிலேயே இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டார். நாயை வைத்துக்கொள்ளவும் மனசில்லை, பெயரை விடவும் மனசில்லை.

அக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சரஸ்வதி மகளைப் பார்க்கத் திண்டிவனம் போயிருந்தாள். தொரையைத் தூக்கி வண்டிக்குள் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். மூன்று வருஷம் கழித்து வண்டியில் ஏறின சந்தோஷத்தில் அது வழி முழுக்கக் காற்றை மோந்துகொண்டே வந்தது. அவர் எப்போதும் லோடு ஏற்றுகிற அளங்களை விட்டு, தெற்கே தெரிந்தவர்கள் இல்லாத ஒரு அளத்துக்குள் வண்டியை விட்டார். அங்கே மோட்டார் கொட்டகையில் வேலைக்காரர்கள் பத்து மணிக்குக் கூடிச் சாப்பிடுவார்கள், பசி முற்றினால் பழக்கம் பறந்துவிடும், ஆளுக்கு ஒரு கவளம் போட்டாலும் நாய் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு.

ஆனால் அங்கே ஒருவரும் இல்லை. உப்புக் குவியலெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருந்தது. மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அந்த வருஷம் மழை முந்திக்கொள்ளும் என்று சொல்லி, சீசனை முடித்து எல்லோரும் கரையேறிவிட்டார்கள். இனி தை மாதம் பாத்தி கட்டுகிற வரை அந்தப் பக்கம் காக்காய்கூட வராது. பத்து வருஷம் அளத்தில் கிடந்தவருக்கு இது தெரியாதா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இன்றைக்கு ஏதோ லீவு போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டார்.

வாங்கி வந்திருந்த முட்டை பிரியாணிப் பொட்டலத்தைக் கொட்டகைக்குள் பிரித்து வைத்தார். தொரை எதிரே உட்கார்ந்தது. பொட்டலத்தைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல. சொல்லிவிட்டால் அது நாலு வாயில் தின்று முடித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் வரும். சொல்லாவிட்டால் இருந்த இடத்தை விட்டு நகராது. தான் பழக்கின பழக்கத்தையே கயிறாக எடுத்து அதைக் கட்டிப் போட்டார். வண்டியில் ஏறிப் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுத்தான் ஓட்டினார். இந்த இடத்தை யாரிடமும் அவர் முழுசாகச் சொன்னதில்லை.

சாயங்காலம் சரஸ்வதி வந்து, "தொரை எங்க?" என்றாள்.

"கேட்டு தெறந்திருந்துச்சு போல. காணோம். வயசான நாய்ங்க கடைசி காலத்துல அப்படித்தான் எங்கனா போயிடும்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தேடப் போனாள். ஏரிக்கரை, கிணற்று மேடு, பஸ் ஸ்டாண்டு பின்புறம் என்று இருட்டுகிற வரை தேடிவிட்டு நனைந்துபோய் வந்தாள். அன்றைக்குத்தான் மழை பிடித்தது. மறுநாளும் தேடினாள். தினமும் தொரையின் அலுமினியத் தட்டைக் கழுவி, இரண்டு கரண்டி சோறு போட்டு வாசலில் வைத்தாள். காலையில் அது ஊறி நொதித்துக் கிடக்கும். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி கழுவுவாள். ராஜவேல் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

ஐந்தாம் நாள் கீதாஞ்சலி போன் செய்தாள்.

"ராஜவேல் அண்ணா, உங்க பக்கம்தான். உப்பளத்துல ஒரு கெழட்டு நாய விட்டுட்டுப் போயிருக்காங்க. மழைக்குக் கரை ஒடைஞ்சுதான்னு பாக்க வந்தவரு ஒருத்தரு, பாவாடைன்னு பேரு, போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பி என்கிட்ட வந்திருக்கு. கொஞ்சம் ஏத்திட்டு வர்றீங்களா?"

வர முடியாது என்று சொல்ல வழியில்லாமல் வண்டியை எடுத்தார்.

பாவாடை கொட்டகை வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயதுக்காரர், அந்த அளத்தில் கரை காவல்.

"எந்தப் பாவி வுட்டுட்டுப் போனான்னு தெரியலப்பா. நாலு நாளா இருந்திருக்கும். அதுல ஒரு அதிசயம் கேளு, பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சி வச்சிட்டுப் போயிருக்கான். எறும்பு மொய்ச்சி, மழைத் தண்ணி பூந்து ஊசிப்போய்க் கெடக்குது. இது ஒரு பருக்கை தொடல. அதும் எதிர்லயே குந்தினு இருந்துது. வெசம் கலந்திருக்குமோன்னு மோந்து பாத்திருக்கும், அறிவு."

ராஜவேல் கொட்டகைக்குள் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் தொரை அவரைக் கண்டுகொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே வால் தரையில் பட் பட்டென்று அடித்தது. குரைக்கவும் தெம்பில்லாமல் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் போட்டது.

"இத்தப் பாருய்யா" என்றார் பாவாடை. "நான் கிட்ட போனா உர்ருன்னுது. உன்னைப் பாத்ததும் வாலாட்டுது. நல்லவன் யாருன்னு நாய்க்குத் தெரியுது பாரு."

ராஜவேல் தொரையைத் தூக்கினார். பாதி எடைதான் இருந்தது. பின்னால் சாக்கு விரித்திருந்தும் அது முன் சீட்டைப் பார்த்தே கழுத்தை நீட்டியது. முன்னாலேயே உட்கார வைத்தார்.

ரோட்டுக்கு வந்ததும் வண்டியை வடக்கே திருப்பினால் வீடு. வழியில் கிடைத்தது என்று சரஸ்வதியிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பாவாடை சொன்ன கதை அவள் காதுக்கு எட்டினால், காலை இழுக்கிற நாய் அவ்வளவு தூரம் நடந்துபோய், வழியில் பிரியாணியும் வாங்கிக்கொண்டதா என்று அவள் கேட்கமாட்டாளா? கீதாஞ்சலியிடம் போட்டோ இருக்கிறது. உங்க நாயா அண்ணா, காணாம போச்சுன்னு என்கிட்ட ஏன் சொல்லல என்பாள். தொலைந்த நாயைத் தேடுகிற ஆளே அவள்தானே! எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொள்வார். வண்டியைத் தெற்கே விட்டார். தொரை தலையை அவர் தொடையில் வைத்துக்கொண்டது. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அழுதார். அழுது என்ன, வண்டி தெற்கேதான் போனது.

டாக்டர் ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, பொம்மையார்பாளையத்தில் செல்லம்மாள் வீட்டுக்கு அனுப்பினார். ஆரோவிலில் ஒரு சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறவள் செல்லம்மாள். ஒன்பது வீடுகளில் மோசமான கேஸ்களெல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போகும். அதிகம் பேசமாட்டாள். தொரையை வண்டியிலிருந்து இறக்கும்போது, அது அவள் வீட்டு வாசலைப் பார்க்காமல் டிரைவர் பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். அதற்குத் தாத்தா என்று பேர் வைத்தாள்.

மூன்று நாள் தாத்தா சாப்பிடவில்லை. பால் சோறு, கோழிக்கறி, மீன் குழம்பு என்று மாற்றி மாற்றி வைத்தாள். தட்டுக்கு எதிரே உட்கார்ந்து எச்சில் ஒழுக்கியதே தவிர வாய் வைக்கவில்லை. பல் நன்றாக இருக்கிறது, பசி இருக்கிறது, மனசு விட்டுப்போச்சு போல, இப்படியே போனால் ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர். கீதாஞ்சலி குரூப்பில் அழுகிற பொம்மை போட்டாள். அதைப் படித்துவிட்டு ராஜவேல் பாண்டிக்கு லோடு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக் கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்ததும் செல்லம்மாள் அவருக்குத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனாள். தொரைக்கு முன்னால் தட்டு நிறைய சோறு. அது அவர் முகத்தைப் பார்த்தது. அளத்துக் கொட்டகையில் பார்த்த அதே பார்வை. அவர் மண்டி போட்டு, அதன் காதில் வாயை வைத்து, "தொரை... உன்னுதுதான்டா" என்றார்.

செல்லம்மாள் சொம்போடு வருவதற்குள் தட்டு காலி.

"இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா தடவிக் குடுத்தேன்."

அவள் காலித் தட்டையும் அவரையும் பார்த்தாள். "தெனமும் வந்து தடவிக் குடுங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் குரூப்பில் கீதாஞ்சலி போட்டாள்: ராஜவேல் அண்ணாவோட கைராசி, தாத்தா சாப்பிட்டாச்சு. அதற்குக் கீழே கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. உங்கள மாதிரி மனுசங்களாலதான் மழை பெய்யுது என்று ஒருவர் எழுதியிருந்தார். மழை நிஜமாகவே கொட்டிக்கொண்டிருந்தது. ராஜவேல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறம் ஐந்து வாரம், ஞாயிறுகூட விடாமல் தினமும் பொம்மையார்பாளையம் போனார். லோடு இருந்தாலும் போனார், இல்லாவிட்டாலும் போனார். காதில் குனிந்து சொல்லிவிட்டு, அது தின்று முடிக்கிற வரை உட்கார்ந்திருப்பார். அது தட்டை நக்கிவிட்டு அவர் கையையும் நக்கும். உறுமினாலும் கடித்தாலும் தேவலை என்றிருக்கும். அந்த வார்த்தையைச் செல்லம்மாளிடம் சொல்லிக் கொடுத்தால் தினமும் இந்த அலைச்சல் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு ஒரு கிழட்டு நாயின் வயிற்றைத் தன் நாக்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வீட்டிலோ சரஸ்வதி தட்டு வைப்பதை ஒருவழியாக நிறுத்தியிருந்தாள். தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். தூக்கி எறியவில்லை.

கார்த்திகையில், பிரசவத்துக்கு வந்திருந்த சரண்யாவுக்கு வலி கண்டது. டாக்டர் கொடுத்த தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே. திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலி வருவதும் போவதுமாக ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். மாப்பிள்ளை வெளியூரில் இருந்து வந்துகொண்டிருந்தான். வண்டிக்காரர் அவர் ஒருத்தர்தான், மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஆள் தேட என்று நகர முடியவில்லை. செல்லம்மாளுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். ரெண்டு நாள்தானே, தாங்கிக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. பிரசவ அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அவரும் சரஸ்வதியும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு முழுக்க இன்னும் பத்துப் பேர், ஃபிளாஸ்க்கும் பையுமாக. போன் அடித்தது. செல்லம்மாள்.

"அண்ணே, தாத்தா எழுந்திருக்கல. தண்ணியும் வேணாங்குது. டாக்டர் வந்து பாத்துட்டாரு, இன்னிக்குச் சாப்பிட்டாத்தான் உண்டுன்னாரு."

"வர்றேம்மா. ஒரு ரெண்டு மணி நேரத்துல..."

"ரெண்டு மணி நேரமெல்லாம் இல்லண்ணே." குரல் மாறவே இல்லை. "நீங்க அது காதுல என்னமோ சொல்றீங்க. எனக்குத் தெரியும். அது யாரு நாயின்னும் வந்த அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இப்ப அதுவா முக்கியம்? என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க."

ராஜவேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சரஸ்வதி, "யாருங்க?" என்றாள். அவர் கையை ஆட்டி ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, "உன்னுதுதான்னு சொல்லுங்க" என்றார்.

அந்தப் பக்கம் செல்லம்மாள் சொல்வது கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை.

"காதைத் தூக்குச்சு. அப்புறம் கேட்டைப் பாத்துட்டுத் தலையைப் போட்டுடுச்சுண்ணே. என் கொரலுக்குக் கேக்காது. போனை அது காதுகிட்ட வைக்கிறேன், நீங்களே சொல்லுங்க."

அவர் மெல்லச் சொன்னார்.

"கேக்கலண்ணே. அதுக்குக் காது மந்தம்னு உங்களுக்குத் தெரியாதா? சத்தமா சொல்லுங்க."

பக்கத்தில் சரஸ்வதி. எதிரே பத்துப் பேர். அறைக்குள் மகள் முனகுகிற சத்தம். ஒன்றரை மாதமாகக் காத்துவந்த மானம் இந்தப் பக்கம். போனுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் செத்துக்கொண்டிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தொரை!" ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. "டேய் தொரை! உன்னுதுதான்டா! சாப்புடு, உன்னுதுதான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மாள், பாவம், பெண்ணுக்கு என்ன ஆச்சோ, மனுஷனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு என்றாள். போனில் தட்டு தரையில் நகருகிற சத்தம். நக்குகிற சத்தம்.

"சாப்பிடுது" என்றாள் செல்லம்மாள். "படுத்துனே சாப்பிடுது. வச்சிடுறேன்."

ராஜவேல் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்க்கும் தைரியம் இல்லை. சரஸ்வதி மடியில் இருந்த துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எங்க இருக்கான்?" என்றாள்.

சொன்னார். பொம்மையார்பாளையம், செல்லம்மாள், கீதாஞ்சலி, பாவாடை, அளத்துக் கொட்டகை என்று பின்னாலிருந்து முன்னால் போய்ச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் குறுக்கே பேசவில்லை. நீ செத்துப் போயிருக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் ஏரிக்கரையில தேடினப்போ அவன் அளத்துல இருந்தானா?"

"ம்."

"வுட்டுட்டு வரப்போ சோறு வச்சியா?"

முப்பது வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொன்னதில்லை. "வச்சேன்" என்றார். "பிரியாணி. பொட்டலம் வாங்கினு போய்த்தான் வச்சேன்."

"சொன்னியா?"

அவர் வாயைத் திறந்தார். பிரசவ அறைக் கதவு மேல் கண்ணை வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார். சரஸ்வதிக்கு அது போதுமாக இருந்தது.

அப்போதுதான் உள்ளே குழந்தை அழுதது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, "சரண்யாவோட ஆளுங்க யாரு? பொம்பளப் புள்ள. ஒருத்தர் ஒருத்தரா வாங்க" என்றாள். ராஜவேலும் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டடி வைத்தார்.

சரஸ்வதி திரும்பினாள். சத்தம் போடவில்லை, கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீ இங்கயே உக்காரு" என்றாள். "நான் சொல்ற வரைக்கும்."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ராஜவேல் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.